அடக்கி வாசித்தவர்



‘கொஞ்சம் அடக்கி வாசி’ என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். மேலதிகாரியோடு மோதக் கிளம்புகிற நண்பனிடம் சொல்கிறோம். சம்பந்தி வீட்டில் வாய்விட்டுப் பேசிவிடுகிற அண்ணனிடம் சொல்கிறோம். வாத்தியத்தில் பிறந்த சொல் ஊருக்குள் வந்து எச்சரிக்கையாக மாறிவிட்டது. வம்பு வேண்டாம், பின்னால் நில் என்பதுதான் இன்று அதற்குப் பொருள். இந்த மாலையில் அந்தச் சொல்லை வாத்தியத்துக்கே திருப்பிக் கொடுக்கலாம் என்று வந்திருக்கிறேன். அடக்கி வாசிப்பதையே தன் கலையாக வளர்த்தெடுத்த ஒரு பியானோக் கலைஞரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் பெயர் அஹ்மத் ஜமால். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1930 ஜூலை 2 அன்று பிறந்தவர். 2023 ஏப்ரல் 16 அன்று 92 வயதில் மறைந்தார்.

ஓர் இரவிலிருந்து தொடங்குகிறேன்.

1958 ஜனவரி 16. சிகாகோ நகரின் தெற்குப் பகுதியில், கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த வட்டாரத்தில், காட்டேஜ் குரோவ் சாலையும் 64ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் பெர்ஷிங் என்று ஒரு ஹோட்டல். அதன் லவுஞ்சில் இரவுதோறும் வாசித்துக்கொண்டிருந்தது ஜமாலின் மூவர் குழு. பியானோவில் ஜமால், டபுள் பாஸில் இஸ்ரேல் கிராஸ்பி, டிரம்ஸில் வெர்னல் ஃபூர்னியே. அன்றிரவு ஆர்கோ என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்திருந்தது. அன்று 40க்கும் மேற்பட்ட உருப்படிகள் பதிவாயின. அவற்றில் எட்டை மட்டும் ஜமால் தேர்ந்தெடுத்தார். மீதியை ஒதுக்கிவைத்தார். அந்த எட்டும் சேர்ந்து ‘பட் நாட் ஃபார் மீ’ என்ற பெயரில் இசைத்தட்டாக வெளிவந்து, பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 100 வாரங்களுக்கு மேல் நின்றது. பாட்டுக் குரலே இல்லாத ஒரு ஜாஸ் தட்டு இரண்டு ஆண்டுகள் மக்கள் வாங்கும் தட்டாக இருந்தது அந்தக் காலத்தில் அபூர்வம்.

நாற்பது சொச்சத்தில் எட்டு. அவருடைய மனம் எப்படி வேலை செய்தது என்பதை இந்தக் கணக்கே ஓரளவு சொல்லிவிடுகிறது.

ஜாஸில் ‘டிரியோ’ என்றால் பெரும்பாலும் பியானோ, பாஸ், டிரம்ஸ். பாஸ் என்பது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய தந்தி வாத்தியம். வில்லை வைத்துவிட்டு விரலால் சுண்டி வாசிப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாடலை எடுத்துக்கொள்வார்கள். அது பெரும்பாலும் 32 பார் கொண்ட மெட்டாக இருக்கும். முதல் சுற்றில் மெட்டைச் சொல்லிவிட்டு, அடுத்தடுத்த சுற்றுகளில் அதே அடித்தளத்தின் மேல் பியானோக்காரர் கற்பனையை விரிப்பார். பாஸும் டிரம்ஸும் தரையாக இருக்கும், பியானோ அதன் மேல் ஆடும். அந்தக் காலத்துப் பல டிரியோக்களில் இதுதான் ஏற்பாடு. ஆர்ட் டேட்டம் வாசித்தால் அருவி கொட்டுவதுபோல் இருக்கும். ஆஸ்கர் பீட்டர்சனும் அப்படித்தான். இரண்டு கைகளில் இருபது விரல்கள் இருக்குமோ என்று தோன்றும். அந்த வளத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களைக் கேட்டுத்தான் நானும் பியானோவை நேசிக்கக் கற்றுக்கொண்டேன்.

அதனால்தான் முதல்முறை ஜமாலைக் கேட்டபோது நான் தவறவிட்டேன். 1990களில் நண்பர் ஒருவர் அந்தப் பெர்ஷிங் தட்டின் கேசட்டைக் கையில் திணித்தார். ஒரு பக்கம் முழுக்கக் கேட்டேன். விரல்கள் ஓடவில்லை. மெட்டின் ஒரு துண்டு வருகிறது, நிற்கிறது, மறுபடியும் ஒரு துண்டு. பின்னணியில் கண்ணாடிக் கோப்பைகளின் சத்தம். நட்சத்திர ஹோட்டல் வரவேற்பறையில் யாரோ மெதுவாக வாசித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 1950களின் இறுதியில் அமெரிக்க விமர்சகர்களில் சிலரும் இதைத்தான் எழுதினார்கள். மது அருந்துமிடத்தில் பேச்சுக்கு நடுவே ஒலிக்கிற இசை, அவ்வளவுதான் என்றார்கள். அவர்கள் எதைக் கேட்கத் தவறினார்கள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதையே கேட்கத் தவறினேன். நான் பியானோவை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, ஊரடங்கிய ஓர் இரவில், அதே தட்டைக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்க நேர்ந்தது. ஏதோ ஒரு நொடியில் காது பியானோவை விட்டு நழுவி பாஸைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு விடவே முடியவில்லை. தலைப்புப் பாடலில் ஜமால் ஒரு வரியைப் பாதியில் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் இஸ்ரேல் கிராஸ்பி இன்னொரு மெட்டை வாசித்துக்கொண்டிருந்தார். அதைத் துணை வாசிப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. அது தனியாக எடுத்து முணுமுணுக்கக்கூடிய, தொடக்கமும் முடிவும் உள்ள மெட்டு. பியானோ ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் அது யார் காதிலும் விழுந்திருக்காது. ஜமால் நிறுத்தியதால் கிராஸ்பி காதில் விழுந்தார். வெறுமை என்று நான் நினைத்த இடமெல்லாம் இன்னொருவருக்காகத் திறந்துவைக்கப்பட்ட இடம்.

இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இது ஒன்றுதான். ஜமாலின் அடக்கத்தைக் குணநலனாகவோ மென்மையாகவோ மட்டும் புரிந்துகொண்டால் பாதிதான் பிடிபடும். அது அவர் குழுவை நடத்திய முறை. தலைவர் விட்ட இடத்தில்தான் மற்ற இருவரும் வெளியே வந்தார்கள்.

கிராஸ்பியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அவர் பெயரை இன்று யாரும் அதிகம் சொல்வதில்லை. 1919இல் சிகாகோவில் பிறந்தவர். 1936இல், 17 வயதில், டெடி வில்சன் குழுவின் ‘புளூஸ் இன் சி ஷார்ப் மைனர்’ பதிவில் வாசித்தார். அந்தப் பதிவின் முதுகெலும்பே அவருடைய பாஸ்தான். ஒரே சிறு வடிவம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும், மற்றவர்கள் எல்லாம் அதைச் சுற்றி வருவார்கள். பாஸ் என்றால் தாளத்துக்கு ஒரு சுரம் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்பது என்று பலர் நினைத்திருந்த காலத்தில், பதினேழு வயதுப் பையன் ஒரு பாடலையே தோளில் தூக்கி நடந்தான். அப்படிப்பட்டவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இடைவிடாமல் வாசித்துத் தள்ளுவது வீண். ஜமாலுக்கு அது தெரிந்திருந்தது.

டிரம்ஸ் வாசித்த ஃபூர்னியே நியூ ஆர்லியன்ஸ்காரர். தெருவில் பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் போவது, சாவு ஊர்வலத்துக்குக்கூட இசையோடு நடப்பது அந்த ஊரின் வழக்கம். அந்த ஊர்வலத்தில் பெரிய டிரம் ஒருவர் கையில், சின்ன டிரம் இன்னொருவர் கையில் இருக்கும். இருவர் அடிப்பதும் பின்னிப் பிணைந்து ஒரே நடையாகக் கேட்கும். ஃபூர்னியே அதை ஒற்றை ஆளாக உட்கார்ந்து கொண்டுவந்தார். ‘பாயின்சியானா’ என்ற உருப்படியில் அவர் வாசிக்கும் நடையைக் கேட்டுவிட்டு, இரண்டு பேர் வாசிக்கிறார்களா என்று கேட்காதவர் குறைவு. கனத்த டாம் ஒரு பக்கம், சிம்பலின் மணியோசை ஒரு பக்கம், கால் மிதிக்கும் ஹைஹாட்டின் ‘சிக்’ ஒரு பக்கம். எல்லாமே மெல்லிய சத்தம்தான். ஆனால் உட்கார்ந்திருப்பவரின் தோள் தானாக அசையும். அந்த நடைக்கு இன்றைக்கும் டிரம்மர்களிடம் ‘பாயின்சியானா பீட்’ என்றே பெயர்.

அந்தப் பெயர் நமக்கும் அந்நியமானதல்ல. மே மாதத்தில் பள்ளிக்கூட வாசல்களிலும் ரயில் நிலையங்களிலும் உச்சி முதல் கிளை வரை சிவந்து நிற்கிறதே செம்மயிற்கொன்றை, அதைத்தான் ராயல் பாயின்சியானா என்கிறார்கள். மடகாஸ்கரிலிருந்து உலகமெல்லாம் போன மரம். கியூபாவின் நாட்டுப்புற மெட்டு ஒன்றை அடிப்படையாக வைத்து 1936இல் நாட் சைமன் இந்தப் பாடலுக்கு இசையமைத்தார். பல பேர் பாடினார்கள், பல பேர் வாசித்தார்கள். ஜமாலே 1955இல் ஒருமுறை பதிவு செய்திருக்கிறார். அப்போது அவருடைய குழுவில் டிரம்ஸ் கிடையாது. பியானோ, கிட்டார், பாஸ். ரே கிராஃபர்ட் என்ற கிட்டார்க்காரர் தந்தியை மீட்டுவதோடு நிற்காமல் விரலால் தட்டி போங்கோ மாதிரி தாளமும் கொடுத்துக்கொண்டிருந்தார். கிட்டார் போய் டிரம்ஸ் வந்தபோது, முன்பு கிட்டாருக்காக விட்ட இடத்தை ஜமால் பியானோவால் நிரப்பிக்கொள்ளவில்லை. அப்படியே டிரம்ஸுக்குக் கொடுத்தார்.

சரி, எதையும் வாசிக்கத் தெரியாதவரா இவர்? மூன்று வயதில், உறவினர் ஒருவர் பியானோவில் எதையோ வாசித்துவிட்டு, இதை நீ வாசித்துக் காட்டு பார்ப்போம் என்று வேடிக்கைக்குச் சொல்ல, குழந்தை உட்கார்ந்து அதை அப்படியே வாசித்ததாம். இந்தச் சம்பவத்தை ஜமால் வயதான பிறகும் பேட்டிகளில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா இரும்பாலைத் தொழிலாளி. ஏழு வயதில் மேரி கார்ட்வெல் டாசன் என்ற ஆசிரியையிடம் முறையாகப் படிக்கத் தொடங்கினார். 1941இல் நேஷனல் நீக்ரோ ஆப்பரா கம்பெனியைத் தொடங்கிய அம்மையார் அவர். ஒருபக்கம் ஐரோப்பியச் செவ்வியல் இசையின் லிஸ்ட், ராவெல், டெபுஸி. இன்னொரு பக்கம் டேட்டம், அதே பிட்ஸ்பர்க்கின் எர்ரோல் கார்னர். சிறுவனாக இருந்தபோதே டேட்டமின் பாராட்டைப் பெற்றிருக்கிறார். ஜாஸ் என்ற சொல்லையே அவர் அதிகம் விரும்பியதில்லை. ‘அமெரிக்கச் செவ்வியல் இசை’ என்றுதான் சொல்வார். சின்ன வயதில் அவருக்கு அந்த இரண்டும் இரண்டு உலகங்களாகக் கற்பிக்கப்படவில்லை என்பதை நினைத்தால், அந்தப் பெயர் ஏன் அவருக்கு அவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

விரல் வேகம் அவரிடம் நிறைய இருந்தது. அதனால்தான் விடுகிற இடம் கனக்கிறது. கையில் காசில்லாதவர் செலவழிக்காமல் இருப்பதும், இருப்பவர் யோசித்துச் செலவழிப்பதும் வேறு வேறு. பெர்ஷிங் தட்டில் சில இடங்களில் சட்டென்று இரண்டு கைகளாலும் ஒரு மின்னல் ஓட்டம் வந்து போகும். அடுத்த நொடி ஒற்றைச் சுரம், மேல் ஸ்தாயியில், ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து மழை நின்றபின் சொட்டுவதுபோல். அந்த ஓட்டத்தைக் கேட்டபிறகுதான் அந்தச் சொட்டை நாம் மதிக்கிறோம்.

நம் கச்சேரிகளைக் கேட்டுப் பழகியவர்களுக்குக் கார்வை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. சுரத்தை நீட்டி நிற்பதும், நிறுத்திய பிறகு தாளம் உள்ளே ஓடிக்கொண்டிருப்பதும் நமக்குத் தெரியும். ஜமாலின் நிறுத்தங்களிலும் தாளம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அடுத்த எடுப்பு எங்கே விழும் என்று கேட்பவர் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். பலர் இதை ‘இடைவெளி’ என்று புகழ்ந்தார்கள். அவர் ஏற்கவில்லை. அதைக் கட்டுப்பாடு என்று சொல்லுங்கள் என்பார். அந்தத் திருத்தம் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. இடைவெளி என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். கட்டுப்பாடு என்றால் அங்கே ஒருவர் விழித்துக்கொண்டு, கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, காத்திருக்கிறார்.

இதை முதலில் முழுசாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ். சிகாகோவில் இருந்த அவருடைய சகோதரிதான் இவரைப் போய்க் கேள் என்று சொல்லியிருக்கிறார். கேட்ட பிறகு மைல்ஸ் மாறிப்போனார். தன் குழுவின் பியானோக் கலைஞர் ரெட் கார்லண்டிடம் ஜமாலைப் போல வாசி என்று சொல்லியே வேலை வாங்கினார். 1956 மே மாதத்தில் மைல்ஸ் குழு பதிவு செய்த உருப்படிகளில் ஜமால் இயற்றிய ‘அஹ்மத்ஸ் புளூஸ்’ இருக்கிறது. அதை கார்லண்ட் பாஸ், டிரம்ஸோடு மட்டும் வாசிக்கிறார், மைல்ஸ் டிரம்பெட்டைத் தொடவே இல்லை. 1957இல் ‘மைல்ஸ் அஹெட்’ தட்டுக்காக இசை அமைப்பாளர் கில் எவன்ஸ் ஒரு பெரிய குழுவுக்கு ஜமாலின் ‘நியூ ரும்பா’வை எழுதியபோது, மூன்று பேர் வாசித்ததைப் பத்தொன்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்ததுபோல் இருந்தது. ஜமால் விட்ட மௌனங்களைக்கூட அவர் விடாமல் எடுத்துக்கொண்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மூன்று பேர் வாசித்தபோதே அது ஒரு முழு வாத்தியக் குழுவுக்கான எழுத்தாக இருந்தது என்பது தெரியும்.

ஜமாலின் வாழ்க்கையில் ஒரு தோல்வியையும் சொல்ல வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். ஃபிரடெரிக் ரஸல் ஜோன்ஸ் என்ற பிறப்புப் பெயர் அஹ்மத் ஜமால் ஆனது. பெர்ஷிங் தட்டு கொடுத்த பணத்தைப் போட்டு சிகாகோவில் அல்ஹாம்ப்ரா என்று ஓர் உணவகமும் இசையரங்கும் தொடங்கினார். மது கிடையாது. ஜாஸ் அரங்கம் என்றாலே மது விற்பனையில் வாழ்கிற காலம் அது. அவருடைய பெயரை உலகுக்குச் சொன்ன தட்டே கோப்பைச் சத்தத்துக்கு நடுவில் பதிவானதுதான். இருந்தும் தன் இடத்தில் அது வேண்டாம் என்று முடிவு செய்தார். 1961இல் அங்கேயே ஒரு தட்டு பதிவானது. அந்த ஆண்டே அரங்கம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு குழுவும் கலைந்தது. கிராஸ்பியும் ஃபூர்னியேவும் ஜார்ஜ் ஷியரிங்கின் குழுவுக்குப் போனார்கள். 1962 ஆகஸ்டில் கிராஸ்பி இறந்துபோனார். வயது 43. அவருடைய பெயரில் தலைவராக ஒரு முழுத் தட்டைத் தேடி நான் ஏமாந்திருக்கிறேன். அவரை அறிய வேண்டுமானால் ஜமால் விட்ட இடங்களில்தான் போய்த் தேட வேண்டும். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஜமால் சில காலம் ஒதுங்கியிருந்து, நியூயார்க்குக்குப் போய், மீண்டு வந்தார். 1970இல் வந்த ‘தி அவேக்கனிங்’ தட்டில் பாஸில் ஜமில் நாசர், டிரம்ஸில் ஃபிராங்க் கான்ட். அதிலிருக்கும் ‘ஐ லவ் மியூசிக்’ உருப்படியிலிருந்து ஒரு சிறு துண்டைத்தான் 1994இல் ராப் கலைஞர் நாஸின் ‘தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்’ பாடலுக்காக பீட் ராக் வெட்டி எடுத்துச் சுழலவிட்டார். ஹிப்ஹாப்காரர்கள் ஜமாலை ஏன் இவ்வளவு தேடிப் போனார்கள் என்று கேட்டால் எனக்குத் தோன்றுகிற விடை எளியது. அவர் வாசித்ததில் ஒரு குரல் வந்து உட்கார ஏற்கெனவே இடம் இருந்தது. இடம் விடாமல் நெய்த துணியில் பூ வேலை செய்ய முடியாது.

இங்கே இருக்கிற மாணவர்களுக்கு இன்னொன்று. ஃபூர்னியேவுக்குப் பிறகு பல ஆண்டுகள் கழித்து ஜமாலோடு வாசித்த டிரம்மர்களில் இத்ரிஸ் முகமதும் ஹெர்லின் ரைலியும் முக்கியமானவர்கள். அந்த இருவருமே நியூ ஆர்லியன்ஸ்காரர்கள். அந்த ஊர் நடையின் மேல்தான் தன்னால் நிற்க முடியும், நின்றுகொண்டு சும்மா இருக்கவும் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மேடையில் அவரைப் பாருங்கள், காணொளிகள் கிடைக்கின்றன. எண்பது வயதைத் தாண்டியவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கையைத் தூக்கி விரலால் சைகை காட்டுவார். அடுத்த பகுதிக்குப் போக வேண்டுமா, மெட்டுக்குத் திரும்ப வேண்டுமா என்பது அந்த விரலில் இருக்கும். சில நேரம் வாசிப்பதை அறவே விட்டுவிட்டு, பியானோ பெஞ்சில் பாதி திரும்பி, டிரம்மரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். தன் குழுவைத் தானே ரசிக்கிற தலைவரின் முகம் அது. நான் இந்தச் சொற்பொழிவைத் தயாரித்த நாட்களில் அந்த முகத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசியது போதும். ஏற்பாட்டாளர்கள் நல்ல ஒலிபெருக்கிகள் வைத்திருக்கிறார்கள். பெர்ஷிங் ஹோட்டலில் அன்றிரவு பதிவான ‘பாயின்சியானா’வை இப்போது முழுசாகக் கேட்கப் போகிறோம். எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். மூன்று முறை போடச் சொல்லியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். முதல்முறை டிரம்ஸை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை பாஸ். காதைத் தரையோடு வைத்துக் கேட்பதுபோல் கேட்டால்தான் கிராஸ்பி பிடிபடுவார். மூன்றாம் முறை ஜமாலின் கை எப்போதெல்லாம் கட்டைகளை விட்டு எழுகிறது என்று மட்டும் கவனியுங்கள். மேசைகளில் யாரோ பேசுவதும் கோப்பைகள் உரசுவதும் கேட்கும், அதையும் விடாதீர்கள். அந்த மேசைகளில் இருந்தவர்களும் நம்மைப் போலத்தான், தங்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமலே கால்களால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

விளக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். தம்பி, போடலாம்.